ஓதம் ஏறாத சுவர்: மலைவீட்டின் கீழ் அறையில் சவுனாவும் குளியலறையும்

ரிங்லெட்டில் என் மாமாவின் வீட்டைச் சாலையில் நின்று பார்த்தால் ஒற்றை மாடி வீடு. பக்கவாட்டில் படி இறங்கிப் போனால்தான் கீழே இன்னொரு தளம் இருப்பது தெரியும். மலேசியாவின் கேமரன் மலையில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய. சரிவை வெட்டி, வெட்டிய மண்ணைக் காங்கிரீட் சுவரால் தாங்கி, அந்தச் சுவரையே கீழ் அறையின் பின் சுவராகவும் வைத்துக்கொள்வார்கள். முன்பக்கம் பள்ளத்தாக்கைப் பார்த்து ஜன்னல் இருக்கும். பின்பக்கம் முழுக்க மண். குளிர் நாடுகளில் பேஸ்மென்ட் என்பது பெரும்பாலும் நாலு பக்கமும் மண் சூழ்ந்த அறை. நம்முடையது பாதி பேஸ்மென்ட். ஆனால் ஈரத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே நோய், ஒரே மருந்து.

மாமா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் பனி இறங்கினால் முட்டி பிடித்துக்கொள்ளும். சிறுவயதில் லயத்து வீட்டில் காய்ச்சல் என்றால் அவருடைய அம்மா நொச்சித்தழை போட்டுக் கொதிக்கவைத்து, போர்வையை மூடி வேது பிடிக்க வைப்பாராம். அந்தச் சுகம் மனதில் நின்றுவிட்டது. ஓய்வுப் பணம் வந்ததும் கீழ் அறையில் ஒரு சின்ன சவுனாவும் (ஹீட்டரில் கற்களைச் சூடேற்றி, உள்ளே உட்கார்ந்து வியர்க்கும் மர அறை), பக்கத்திலேயே குளிக்க ஒரு ஷவரும் வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஒரு கன்ட்ராக்டர் வந்து செய்து கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பதினான்கு மாதத்தில் அறைக்குள் புளித்த வாடை வந்தது. மலையடிவாரத் தாப்பா ஊரில் பார்ட்டிஷன், சீலிங் வேலை செய்யும் என்னைக் கூப்பிட்டார்.

ஷவர் பக்கத்து டைல்களைத் தட்டிப் பார்த்தேன். டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம். உளியால் ஒரு டைலை நெம்பினேன். டைல் தனியாக வரவில்லை. பின்னால் இருந்த பச்சை ஜிப்சம் போர்டோடு சேர்ந்து, தேநீரில் நனைத்த ரொட்டி மாதிரி ஒரு பெரிய துண்டாகக் கையோடு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள். தாளின் அந்தப் பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர். கிழித்ததும் உள்ளேயிருந்த ராக்வூல் (சூட்டைத் தடுக்கும் பாறைப்பஞ்சு) ஈரத்தில் கனத்துச் சரிந்து கிடந்தது. அடிச்சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். கைப்பிடி வரை இறங்கியது. மூலையில் கரையான் கட்டிய மண்பாதை. எல்லாவற்றுக்கும் பின்னால், காங்கிரீட்டை ஒட்டி, இன்னொரு பிளாஸ்டிக் தாள்.

குழாய் எங்கேயும் ஒழுகவில்லை. அழுத்தம் ஏற்றிப் பார்த்துவிட்டேன். மாமா படிக்கட்டில் உட்கார்ந்தபடி கேட்டார்: "அப்போ தண்ணி எங்கிருந்துதான் மாப்ள வந்துச்சு?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். சுவரைப் பிரிக்கும் முன்பே அல்ல, சுவரைக் கட்டும் முன்பே இது தெரிந்திருந்தால் அவருடைய பணம் மிஞ்சியிருக்கும்.

தண்ணீர் வரும் வழிகள்

சுவருக்குள் தண்ணீர் வர நான்கு வழி உண்டு. முதல் வழி கண்ணுக்குத் தெரிவது: மழைநீர், மண்ணில் இறங்கிய ஊற்று, ஷவர் தண்ணீர். நீராகவே ஓடி வந்து விரிசலிலும் இணைப்பிலும் நுழையும். இரண்டாவது, ஓதம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, காங்கிரீட்டிலும் செங்கல்லிலும் உள்ள நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீர் தானே ஏறும். சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், காரை பொருபொருவென்று உதிர்ந்தால், அது இந்த வேலை. மூன்றாவது, காற்றோடு சேர்ந்து வரும் ஈரம். ஒரு ஸ்விட்ச் பெட்டியைச் சுற்றியுள்ள சின்ன இடுக்கு போதும். ஈரக்காற்று அதன் வழியாகச் சுவருக்குள் போய், குளிர்ந்த இடத்தில் பட்டுத் தண்ணீராக மாறும். நான்காவது, ஆவி பொருளுக்குள்ளேயே மெல்ல ஊடுருவிப் போவது. மரம், ஜிப்சம், சிமெண்டு எல்லாவற்றையும் ஆவி கொஞ்சம் கொஞ்சமாகக் கடக்கும்.

இதில் பலரும் நான்காவதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அதனால் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிச் சுற்றி ஒட்டுகிறார்கள். உண்மையில் மிகப் பெரிய சேதம் முதல் வழியால் வருகிறது. அடுத்த பெரிய சேதம் மூன்றாவதால். இடுக்கு வழியாகக் காற்று சுமந்து வரும் ஈரம், ஊடுருவி வரும் ஈரத்தைவிடப் பல மடங்கு அதிகம். தாள் ஒட்டினாலும் இணைப்புகளை டேப் போட்டு மூடவில்லை என்றால் அந்தத் தாளால் பெரிய பயன் கிடையாது.

சரி, காற்று சுமக்கும் ஈரம் ஏன் சுவருக்குள் தண்ணீராகிறது? இட்லிக் குண்டான் மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சூடான காற்று நிறைய ஆவியைத் தாங்கும். குளிர்ந்த காற்றால் முடியாது. 20 டிகிரி காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 17 கிராம் ஆவியைத்தான் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 30 கிராம். 80 டிகிரியில் ஏறக்குறைய 290 கிராம். சூடான காற்று குளிர்ந்த மூடியைத் தொடும்போது, தாங்க முடியாத மிச்சம் சொட்டாக விழுகிறது. எந்தச் சூட்டில் அப்படி விழ ஆரம்பிக்குமோ, அதைப் பனிநிலை என்பார்கள்.

இப்போது மாமாவின் சவுனாவை எடுத்துக்கொள்வோம். உள்ளளவு 1.8 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரம். சுமார் 6 கன மீட்டர் காற்று. சூடான கற்கள்மேல் ஒரு சின்ன அகப்பைத் தண்ணீர், 200 மில்லி, ஊற்றுகிறார். பின்லாந்துக்காரர்கள் இதைச் செய்வதற்காகவே சவுனாவுக்குள் போகிறார்கள். அந்த ஆவிக்கு லோயுலு என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். (பின்லாந்தின் சவுனா வழக்கத்தை யுனெஸ்கோ 2020-இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது.) 200 கிராம் தண்ணீர் 6 கன மீட்டரில் பரவினால், கன மீட்டருக்கு 33 கிராம் கூடுகிறது. 80 டிகிரி காற்றுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் சுவருக்குப் பின்னால் இருக்கும் காங்கிரீட்?

மண்ணில் ஓரிரண்டு மீட்டர் ஆழத்தில் வெப்பநிலை ஆண்டு முழுவதும் அவ்வளவாக மாறாது. அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். ரிங்லெட் கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே மண்ணை ஒட்டிய சுவர் 20 டிகிரி பக்கம்தான் இருக்கும். அறை முழுதும் 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதில் உள்ள காற்றால் மொத்தம் 100 கிராம் ஆவியைத்தான் தாங்க முடியும். மாமா ஒரு அகப்பையில் ஊற்றுவதே 200 கிராம். அந்தக் காற்று இடுக்கு வழியாகக் காங்கிரீட்டைத் தொட்டால் தண்ணீராகாமல் வேறு வழியே இல்லை. வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்குப் பத்து அகப்பை. பதினான்கு மாதம்.

உள்ளே போன ஈரத்துக்கு வழி

ஆனால் ஈரம் நுழைந்ததால் மட்டும் மாமாவின் சுவர் அழுகவில்லை. நுழைந்த ஈரம் திரும்ப முடியாததால்தான் அழுகியது. முன்னால் ஒரு பிளாஸ்டிக், பின்னால் ஒரு பிளாஸ்டிக், நடுவில் மரம். மழைக்காலத்தில் நனைந்த துணியைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டு வைத்தது போல.

மாமாவுக்கு இதைச் சொன்னதும் சட்டென்று பிடித்துக்கொண்டார். தொழிற்சாலை மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டும்போது அடியிலிருந்து மின்விசிறியால் காற்றை ஊதுவார்கள். காற்று நின்றாலோ, இலையை மிகக் கனமாகக் குவித்தாலோ கொழுந்து புழுங்கிச் சிவந்துவிடும். "இலைக்கு மூச்சு வேணும்னு நான் நாப்பது தடவ பசங்ககிட்ட கத்தியிருக்கேன். சுவத்துக்கும் அதே கதையா?" என்றார். அதே கதைதான். ஒவ்வொரு சுவரும் ஏதாவது ஒரு பக்கமாவது உலர வேண்டும். எந்தப் பக்கம் ஈரத்தைத் தடுப்பது, எந்தப் பக்கம் உலர விடுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, அதன்படி அடுக்க வேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், மற்றவை எல்லாம் ஆசாரி வேலை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் படங்கள் பெரும்பாலும் கனடா, பின்லாந்து, அமெரிக்காவின் வடபகுதிக்காக வரைந்தவை. அங்கே வெளியே உறைபனி, உள்ளே சூடு. ஆவி பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். அதனால் வீட்டின் எல்லா வெளிச் சுவர்களிலும் உள்பக்கம் தாள் ஒட்டுகிறார்கள். நம் நாட்டில் அதை அப்படியே செய்தால் வம்பு. கீழே தாப்பாவில் பகல் காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் அதன் பனிநிலை 26 டிகிரி. ஏர்கண்டிஷன் போட்ட அறையின் சுவர் 22 டிகிரியில் இருந்தால், ஆவி வெளியிலிருந்து உள்ளே வந்து, அந்த உள்பக்கத் தாளின் முதுகில் வியர்க்கும். சவுனாவில் மட்டும் கதை வேறு: உள்ளே எப்போதும் வெளியைவிடச் சூடு. அதனால் சவுனாவுக்கு உள்பக்கத் தடுப்பு சரி. அதே அறையில் பக்கத்து உடைமாற்றும் இடத்துக்கு அது தவறு. ஒரே வீட்டில் இரண்டு சுவருக்கு இரண்டு விதி.

முதலில் மண் பக்கம்

சட்டம் அடிக்கும் முன் காங்கிரீட் சுவரைப் பார்க்க வேண்டும். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரமான தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் இறுக்கி ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். ஒரு ராத்திரி, ஒரு காலை. பிறகு பாருங்கள். தாளின் சுவர்ப் பக்கத்தில் நீர்த்துளி இருந்தால், அல்லது அங்கே சுவர் கருத்திருந்தால், ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. தாளின் அறைப் பக்கத்தில் துளி இருந்தால், அறைக் காற்றின் ஈரம். நல்ல மழைக்குப் பிறகு செய்யுங்கள். கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. காய்ந்த வாரத்தில் சோதித்துவிட்டு நிம்மதி அடைவதில் பொருளில்லை.

மாமா வீட்டில் தாளுக்குப் பின்னால் துளி கோத்திருந்தது. காரணத்தைத் தேடி வெளியே போனேன். வீட்டை ஒட்டித் தொடரும் தாங்குசுவரில் மண்நீர் வடிய வைத்திருந்த குழாய்த் துளைகள் எல்லாவற்றையும் யாரோ சிமெண்டு வைத்துப் பூசியிருந்தார்கள். அழுக்குத் தண்ணீர் வடிந்து சுவர் கறுப்பாகிறது, பார்க்க அசிங்கம் என்று. எங்கள் பக்கத்தில் இது மிகச் சாதாரணமாக நடக்கிறது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: அந்தத் துளைகளை ஒருபோதும் அடைக்காதீர்கள். சுவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், அடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் அழுத்தம். எந்தப் பெயிண்டும் அதைத் தாங்காது. சுவரே சாய்ந்தால் சவுனாவைப் பற்றிப் பேச்சே இல்லை.

துளைகளைத் திறந்தோம். கூரைத் தண்ணீர் மேட்டுப் பக்கம் நேராக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு பீலி வைத்து லோங்காங் என்னும் வடிகால் வாய்க்காலுக்குத் திருப்பினோம். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் சுவரின் மண் பக்கத்திலேயே வாட்டர்ப்ரூஃப் பூச்சு பூசி, அடித்தளத்தை ஒட்டித் துளைபோட்ட குழாயைத் துணி சுற்றி ஜல்லிக்குள் புதைத்து, வடிகால் வைத்துவிட வேண்டும். அதுதான் சரியான இடம். கட்டி முடித்த வீட்டில் சரிவைத் தோண்டுவது ஆபத்து. பொறியாளரைக் கேட்காமல், மாவட்ட மன்ற அனுமதி இல்லாமல் மலைச்சரிவில் மண்வெட்டியைப் போடாதீர்கள். பழைய வீட்டில் நாம் செய்யக்கூடியது, உள்பக்கத்திலிருந்து சிமெண்டு கலந்த வாட்டர்ப்ரூஃப் பூச்சு. அது காங்கிரீட்டின் துளைகளுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். ரப்பர் மாதிரி தோலாக நிற்கும் பெயிண்ட் வேண்டாம். பின்னாலிருந்து தண்ணீர் தள்ளினால் கொப்புளம் போட்டு உரிந்துவிடும்.

மூன்று வாரம் கழித்து மறுபடி தாளை ஒட்டினேன். சுவர் காய்ந்திருந்தது. அப்புறம்தான் சட்டத்துக்கு மரம் வாங்கச் சொன்னேன்.

சவுனாச் சுவரின் அடுக்கு

மண் பக்கத்திலிருந்து உள்ளே வருவோம். காங்கிரீட் சுவர். அதை ஒட்டாமல் இரண்டு அங்குல இடைவெளி. சட்டத்தின் எந்த மரமும் காங்கிரீட்டைத் தொடக்கூடாது. இந்த இடைவெளியின் அடியிலும் மேலேயும் வெளிக்காற்றுக்குக் கம்பிவலை போட்ட திறப்பு. அடியில் தரையில் ஒரு சின்ன வாய்க்கால். எப்போதாவது காங்கிரீட் வியர்த்தால் வழிந்து ஓடட்டும். உலர வேண்டிய பக்கம் இதுதான்.

அடுத்து சட்டம். அடிச்சட்டத்துக்குக் கீழே தார்த்தாளோ ஃபோம் பட்டையோ போடாமல் வைக்காதீர்கள். தரையிலிருந்து ஓதம் ஏறுவதை அது வெட்டும். மருந்தேற்றிய மரம் அல்லது கால்வனைஸ் இரும்புச் சட்டம், இரண்டும் ஆகும். இரும்பைக் கரையான் தின்னாது. ஆனால் சூட்டை நன்றாகக் கடத்தும், வெட்டிய முனையில் துருப்பிடிக்கும். நான் சவுனாவுக்கு மரம்தான் போடுவேன். பால்மரத்தோட்டங்களில் வளர்ந்த நமக்குக் கரையான் தெரியாததல்ல. உயிரோடு நிற்கும் ரப்பர் மரத்தையே சாய்க்கும் இனங்கள் இந்த நாட்டில் உண்டு. அதனால் மருந்தேற்றாத மரம் சட்டத்துக்குள் போகவே கூடாது. மரத்தின் ஈரப்பதத்தை மீட்டரில் பாருங்கள்: 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூசணம் அதை அழுகவைக்க முடியாது. லாரியிலிருந்து இறக்கிய அன்றே அடித்துவிடாமல் ஒரு வாரம் அடுக்கிக் காற்றாட வையுங்கள்.

சட்டத்தின் பின் முகத்தில், ஆவியை விட்டுத் தண்ணீரை மட்டும் தடுக்கும் மெம்பிரேன் துணி. சட்டத்துக்கு நடுவில் ராக்வூல். வெள்ளைத் தெர்மோகோல் வேண்டாம். சவுனா சூட்டில் இளகும். சாதாரணப் பிளாஸ்டிக் தாளும் அப்படித்தான்.

அதன் முன்னால் வருவதுதான் இந்தச் சுவரின் உயிர்: அலுமினியத் தாள். பளபளப்பான பக்கம் சூட்டைப் பார்க்க வேண்டும். கூரையில் ஆரம்பித்துச் சுவருக்கு இறக்குங்கள். கூரையின் தாள் மேலே, சுவரின் தாள் கீழே என்று ஒன்றன்மேல் ஒன்று நாலு அங்குலமாவது ஏறியிருக்கட்டும். எல்லா இணைப்பையும் அலுமினிய டேப்பால் ஒட்டி, டேப்பைத் துணியால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். ஒயர் நுழையும் ஓட்டை, ஹீட்டர் பிராக்கெட்டின் திருகு, கதவுச் சட்டத்தின் ஓரம், ஒவ்வொன்றையும் தேடித் தேடி ஒட்டுங்கள். நான் அன்று விளக்கை அணைத்துவிட்டு, பின்பக்க இடைவெளியில் ஒரு டார்ச்சை வைத்துப் பார்த்தேன். ராக்வூலைத் தாண்டி வெளிச்சம் வராது என்று நினைப்போம். ஆனால் ஒயர் வந்த ஓட்டையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி மின்னியது. மாமாதான் முதலில் பார்த்தார். அந்தப் புள்ளிக்கு அவரே டேப் ஒட்டினார்.

தாளுக்கு முன்னால் நேராகப் பலகை அடிக்காமல், அரை அங்குலத்துக்குக் கூடுதலான ரீப்பர் அடித்து இடைவெளி விடுங்கள். இந்த இடைவெளி இருந்தால்தான் அலுமினியம் சூட்டைத் திருப்பி அனுப்பும். பலகையின் முதுகும் காயும். கடைசியாகப் பலகை. சவுனாவுக்கு லேசான மரமே நல்லது. நம் ஊரில் உறுதிக்குப் பேர்போன சங்கால் (chengal) மரம் கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் கனம். அதில் பெஞ்ச் போட்டால் உட்கார்ந்ததும் தொடை சுடும். வெளிநாட்டிலிருந்து வரும் சிவப்பு சீடார் 400 கிலோவுக்கும் கீழே. அதே சூட்டில் கையை வைக்கலாம். விலை அதிகம்தான். மாமாவுக்குப் பெஞ்சுக்கும் சாயும் பலகைக்கும் மட்டும் சீடார் வாங்கினோம். ஒன்று கவனிக்க வேண்டும்: மருந்தேற்றிய மரம், வார்னிஷ், பெயிண்ட் எதுவும் அலுமினியத் தாளுக்கு உள்பக்கம் வரக்கூடாது. சூட்டில் அதன் வாடையைத்தான் சுவாசிப்பீர்கள்.

ஹீட்டர் விஷயம் சுருக்கமாக: ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோவாட். 6 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 26 ஆம்பியர் இழுக்கும். தனி ஒயர், தனி பிரேக்கர், உரிமம் பெற்ற ஒயர்மேன். சுவருக்கும் ஹீட்டருக்கும் எவ்வளவு தூரம் என்பதை ஹீட்டரோடு வந்த தாளில் உள்ளபடியே விடுங்கள். காற்று உள்ளே வர ஹீட்டர் அருகில் கீழே ஒரு துவாரம், வெளியே போக எதிர்ச் சுவரில் ஒன்று.

ஷவர் பக்கம்

இங்கே பகை வேறு. சவுனாவில் ஆவி, ஷவரில் நேரடித் தண்ணீர். ஷவர் குழாயை மண் பக்கச் சுவரில் வைக்காதீர்கள், உள் சுவரில் வையுங்கள். இதுதான் என் முதல் யோசனை. ஒரு ஒழுக்கு வந்தால் சுவரின் மறுபக்கத்தில் தெரியும். மண் பக்கம் என்றால் அழுகி முடித்த பிறகுதான் தெரியும்.

டைல் தண்ணீரைத் தடுக்கும் என்று நினைக்கிறோம். தடுக்காது. டைலுக்கு நடுவே உள்ள சாந்துக்கோடு தண்ணீரை உறிஞ்சும். சிமெண்ட் போர்டும் தடுக்காது. அது நனைந்தாலும் அழுகாது, அவ்வளவுதான். பச்சை ஜிப்சம் போர்டு ஈரக்காற்றுக்குக் கொஞ்சம் தாங்கும். ஷவருக்குள் அதற்கு வேலையே இல்லை. தண்ணீரைத் தடுப்பது டைலுக்கும் போர்டுக்கும் நடுவில் பூசும் மெம்பிரேன் (வாட்டர்ப்ரூஃப் பூச்சு) மட்டும்தான். இரண்டு கை பூச வேண்டும், ஒன்றுக்கொன்று குறுக்காக. மூலைகளில் துணிப்பட்டை பதிக்க வேண்டும். தரையில் பூசியது சுவரில் குறைந்தது ஆறு அங்குலம் ஏறி, சுவரின் பூச்சோடு சேர வேண்டும். ஷவர் இருக்கும் சுவரில் தலைக்கு மேல் வரை. தரைக்கு வாட்டம் மறக்காதீர்கள்: ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் இறக்கம், வடிகால் வாயை நோக்கி. வாட்டத்தை மெம்பிரேனுக்கு அடியிலேயே கொடுத்துவிடுங்கள். மேலே டைல் சாந்தில் மட்டும் கொடுத்தால் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும்.

டைல் ஒட்டும் முன் வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் சுவரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அவசரப்படும் கன்ட்ராக்டர் இதைத்தான் முதலில் விட்டுவிடுவார். ஒரு நாள் தாமதம் என்றாலும் பிடிவாதமாக நில்லுங்கள்.

மெம்பிரேன் போட்டாயிற்று என்றால், போர்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் நடுவில் போர்டு புழுங்கும். மாமாவின் பழைய சுவரில் நடந்தது இதுதான்.

இப்போது எல்லாவற்றையும்விடச் சிக்கலான சுவருக்கு வருகிறேன்: சவுனாவுக்கும் ஷவருக்கும் பொதுவான நடுச்சுவர். சவுனாப் பக்கம் அலுமினியத் தாள் கட்டாயம். ஷவர் பக்கம் மெம்பிரேன் கட்டாயம். இரண்டையும் விட முடியாது. ஆக, நடுவில் இருக்கும் எதுவும் எந்தப் பக்கமும் உலர முடியாது. பழைய வேலையில் அங்கே மருந்தேற்றாத மரச்சட்டம் இருந்தது. மிக மோசமாக அழுகியிருந்ததும் அந்தச் சுவர்தான். இதற்கு நான் கண்ட நல்ல வழி, நடுவில் அழுகக்கூடிய பொருளே இல்லாமல் செய்வது. செங்கல் வைத்துக் கட்டி, சிமெண்டுக் காரை பூசி, ஷவர் பக்கம் மெம்பிரேனும் டைலும். சவுனாப் பக்கம் அந்தச் செங்கல்லிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, மேலே சொன்ன அடுக்குகளோடு தனிச்சட்டம். அந்த ஒரு அங்குலமும் மேலே சீலிங் பக்கம் திறந்திருக்கட்டும். மலேசியாவில் செங்கல்லும் கொத்தனாரும் எளிதாகக் கிடைக்கும்போது, மரச்சட்டம்தான் போட வேண்டும் என்று படத்தைப் பார்த்து அடம் பிடிக்கத் தேவையில்லை. தளம் செங்கல்லின் எடையைத் தாங்காது என்றால் மட்டும் கால்வனைஸ் சட்டமும் சிமெண்ட் போர்டும்.

முழு நீராவி அறை கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது சவுனா அல்ல. அங்கே சூடு 45 டிகிரி பக்கம்தான், ஆனால் காற்று முழுக்க ஆவியால் நிறைந்திருக்கும். மரப்பலகைக்கு அங்கே இடமில்லை. சுவர், கூரை, பெஞ்ச் எல்லாம் மெம்பிரேனும் டைலும். கூரையும் சாய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சொட்டு தலையில் விழும். சவுனாவுக்குச் சொன்ன அடுக்கை அங்கே போட்டால் ஒரு வருஷம் தாங்காது.

பயன்படுத்தும் முறையிலும் பாதி இருக்கிறது. குளித்து முடித்து வெளியே வந்ததும் ஹீட்டரை உடனே அணைக்காமல், பெஞ்சைத் தூக்கி நிறுத்தி, கதவைத் திறந்து, ஒரு பதினைந்து நிமிடம் ஓடவிடச் சொன்னேன். அந்தச் சூடே பலகையைக் காயவைத்துவிடும். ஷவர் பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு டைமர் போட்டோம். மாமா மேலே போய்ச் சாப்பிட்டு முடிக்கும்வரை அது ஓடும்.

சுவரை மூடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் அளவு டேப்போடு சேர்த்துப் படம் பிடித்தேன்; எந்த ஒயர், எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது நாளைக்குத் துளை போடுகிறவருக்குத் தெரிய வேண்டும். அப்புறம், மண் பக்கத்து இடைவெளியைப் பார்க்க உடைமாற்றும் பக்கம் ஒரு சின்னக் கதவு வைத்தேன். ஒரு அடிச் சதுரம், கொக்கி போட்டது. அந்தக் கதவுக்குச் செலவு நாற்பது வெள்ளி (ரிங்கிட்) கூட இருக்காது. மாமா மாதம் ஒருமுறை அதைத் திறந்து, தோள் வரை கையை விட்டு, காங்கிரீட்டையும் அடிச்சட்டத்தையும் தடவிப் பார்க்கிறார். போன மழைக்காலத்தில் ஒருநாள் காங்கிரீட் லேசாக வியர்த்திருந்தது என்று போன் செய்தார். சட்டம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பதினாறு."